மேலிருந்து ரெண்டு மாடி, கீழிருந்து அஞ்சு மாடி

அந்த மலைச்சரிவில் ஐம்பது வயதைத் தாண்டி வாய்விட்டுச் சிரிப்பவர்களில் பாதிப்பேர் காட்டுவது பல்லக்காவின் கைவேலையைத்தான். அவள் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல் செட்டாகவோ ஒற்றைப் பீங்கான் பல்லாகவோ செய்து திருப்பி அனுப்புவது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக வீட்டின் கிழக்குப் பக்க அறையில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தாள். கீழ்ச்சாலையில் யாரைக் கேட்டாலும் பல்லக்கா வீடு என்று கை காட்டுவார்கள். அவள் பெயர் என்ன என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

பல் செட் செய்யப் பலர் இருக்கிறார்கள். முன்பல் ஒன்றே ஒன்று மட்டும் செய்து, பக்கத்துப் பல்லோடு பேதம் தெரியாமல் உட்கார வைக்கச் சிலரால்தான் முடியும். பல் என்றால் வெள்ளை என்று நினைப்பவர்கள் அவள் மேஜைக்கு வந்து பார்க்க வேண்டும். கொத்துச் சாவி மாதிரி பதினாறு மாதிரிப் பற்கள் தொங்கும். ஒன்று பால் நிறம், ஒன்று பழைய தந்தம், ஒன்றில் ஓரமாகச் சாம்பல், இன்னொன்றில் வேரருகே தேன். பீங்கானில் அந்த நிறத்தை ஒற்றை மயிர்த் தூரிகையால் ஏற்றிச் சுட வேண்டும். இதற்கு விளக்கு வெளிச்சம் உதவாது, பகல் வெளிச்சம் வேண்டும். அதற்காகவே அவள் கணவர் அந்தக் கிழக்கு ஜன்னலை இடித்து, வெளியே இரண்டரை அடி நீட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு கட்டிக் கொடுத்திருந்தார். அவர் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கும் வேலையில் இருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். கண்ணாடியோடு முப்பது வருடம் பழகினால் அப்படித்தான் ஆகிவிடும் போல.

கூண்டுக்கு வெளியே முப்பதடி அகலத்தில் காலி மனை. அப்பா விட்டுப்போன இடத்தில் வீடிருந்த பாதி பல்லக்காவுக்கு, காலிப் பாதி தம்பிக்கு என்று பிரித்திருந்தார்கள். தம்பி வேறு ஊரில் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரிவில் இருந்தான். காலி மனைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய சின்ன வீடு. அதை ஒரு டைல்ஸ் வியாபாரி வாங்கினார். கதை அங்கே ஆரம்பிக்கிறது.

வாங்கிய மாதமே பழைய வீட்டைத் தரைமட்டமாக்கி, மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவந்து மலையை வெட்ட ஆரம்பித்தார். அவர் மனை மேல்சாலையிலிருந்து கீழ்ச்சாலை வரை இறங்கும் மனை. அத்தனையையும் வெட்டினார். லாரிகள் கீழ்ச்சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. பள்ளிக்கூட வேன் வளைவில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடியே இருக்கும். பல்லக்கா அறையில் வாரம் இரண்டு முறை துடைத்தால் போதும் என்றிருந்தது, ஒரு நாளைக்கு இரண்டு முறை என்றானது. பீங்கான் மாவில் ஒரு தூசி விழுந்தாலும் சுட்ட பின் கரும்புள்ளியாக நிற்கும்.

அவள் சரிவில் வசிப்போர் சங்கத் தலைவரிடம் போனாள். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்ச்சாலையிலேயே நாலு வீடு தள்ளி இருந்தார்.

"சார், அவர் எத்தனை மாடி கட்டப் போறார்னு கேட்டீங்களா?"

"ரெண்டு மாடிம்மா. பிளான் காட்டினார். விதிப்படி மூணு வரைக்கும் போகலாம், அவர் ரெண்டோட நிறுத்திக்கிறார். பெருந்தன்மையான மனுஷன்."

"ரெண்டு மாடிக்கா சார் இவ்வளவு பள்ளம்?"

"நீ பல்லைப் பார்த்துக்கோம்மா, கட்டடத்தை எஞ்சினியர் பார்த்துக்குவார்" என்று சொல்லித் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். சிரித்த பல் முழுவதும் பல்லக்கா செய்தது.

எட்டு மாதத்தில் வீடு எழும்பியது. மேல்சாலையில் நின்று பார்த்தால் தலைவர் சொன்னது உண்மைதான். அழகான இரண்டு மாடி வீடு, வாசலில் பூந்தொட்டி. கீழ்ச்சாலைக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால் அதற்கடியில் இன்னும் மூன்று மாடி இருந்தது. மூன்றையும் பிளானில் "நிலவறை" என்று போட்டிருந்தார்கள். அந்த நிலவறைகளுக்குப் பால்கனி இருந்தது. ஒன்றில் ஊஞ்சல்கூட மாட்டியிருந்தார்கள். நிலத்துக்குள் புதைந்த அறையில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஊஞ்சல் ஆடலாம்! பல்லக்கா கீழ்ச்சாலையில் நின்று அதைப் பார்த்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. அன்று மாலைக்குள் அது எரிச்சலானது. ஒரு வாரத்தில் கோபமாக முற்றியது.

காரணம், காலை வெளிச்சம் போய்விட்டது. ஏழு மணிக்கே மேஜைக்கு வரும் வெயில் பதினொன்றுக்குத்தான் வந்தது. சரி, வெயில் இல்லாவிட்டாலும் வானத்து வெளிச்சம் இருக்கிறதே என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்ட நேரத்தில், வியாபாரி தன் பக்கச் சுவர் முழுவதும், அடியிலிருந்து உச்சி வரை, செங்காவி நிற டைல்ஸ் பதித்தார். கடையில் விற்காமல் தேங்கியவை என்று பிறகு தெரிந்தது. அறைக்குள் வந்த வெளிச்சமே செம்மஞ்சளாக மாறியது. வெள்ளைக் காகிதம் பழைய காகிதம் மாதிரி தெரிந்தது.

அந்த வாரம் ஒரு இளம் ஆசிரியைக்கு முன்பல் ஒன்று செய்து அனுப்பினாள். விபத்தில் பல் போய், வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டே பாடம் நடத்துகிற பெண். நாலாம் நாள் டாக்டரிடமிருந்து போன்.

"அக்கா, இது நீங்க செஞ்சதுதானா? இல்ல யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

"ஏன் டாக்டர்?"

"சுண்ணாம்பு மாதிரி இருக்கு. கண்ணாடியில பார்த்துட்டு அந்தப் பொண்ணு அழுதுட்டுப் போயிருச்சு."

பல் திரும்பி வந்தது. பல்லக்கா அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் வெட்டவெளியில் பார்த்தாள். சுண்ணாம்புதான். செங்காவி வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள் தட்டித் தெரிந்ததால் சாயத்தை ஒரு கை குறைத்துவிட்டிருந்தாள். இருபத்தாறு வருடத்தில் நிறத்துக்காகத் திரும்பி வந்த முதல் பல் அது. அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தப் பல்லை உள்ளங்கையில் வைத்தபடி, படியேறி மேல்சாலைக்குப் போய் வியாபாரி வீட்டு மணியை அடித்தாள்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் அவளை இன்னும் கிளப்பியது.

"உக்காருங்கம்மா. என்ன சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் வேணாம். இதைப் பாருங்க. உங்க சுவர் என் வேலையைக் கெடுத்திருச்சு."

அவர் பல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பல்லைப் பார்த்தார். "நல்லா வெள்ளையாத்தானேம்மா இருக்கு? இப்ப எல்லாரும் வெள்ளைதான் கேக்கறாங்க. வெளிச்சம் பத்தலன்னா சொல்லுங்க, நல்ல விளக்கா நாலு வாங்கி என் செலவுல மாட்டித் தரேன்."

"சூரியனை மறைச்சுட்டு பல்பு வாங்கித் தரேன்னு சொல்றீங்களா?"

"கோவப்படாதீங்கம்மா. என் இடத்துல நான் கட்டியிருக்கேன். அனுமதி இருக்கு. சட்டப்படி எல்லாம் சரியா இருக்கு."

"அப்படியா? அதையும் பார்த்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். சட்டம் என்னவென்று அப்போது அவளுக்கு ஒரு வரிகூடத் தெரியாது.

மறுநாள் கட்டட அனுமதி அலுவலகத்துக்குப் போனாள். முதல் முறை, சம்பந்தப்பட்ட எழுத்தர் விடுப்பு. இரண்டாம் முறை, மனு தப்பான படிவத்தில் இருந்தது. மூன்றாம் முறை, படிவம் சரி, கோப்பு வேறு மேஜையில். அவளும் விடவில்லை. மெழுகில் ஈறு பிடிக்கிறவளுக்குப் பொறுமை இல்லாமல் இருக்குமா? ஆனால் இந்தப் பொறுமை வேறு மாதிரி. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது தாடை இறுகியிருப்பதை அவளே உணர்ந்தாள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குக் காப்பு செய்து கொடுக்கிறவள் அவள். "உனக்கே ஒண்ணு செஞ்சுக்கோ" என்றார் கணவர். அவள் சிரிக்கவில்லை.

நாலாம் முறை கோப்பு கிடைத்தது. அரை மணி நேரம், அங்கேயே உட்கார்ந்து, நகல் எடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவள் கையாலேயே குறித்துக்கொண்டாள். விதி இதுதான்: அந்தச் சரிவில் எந்தக் கட்டடமும் பத்து மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. எங்கிருந்து பத்து மீட்டர் என்று விதியில் இல்லை. வியாபாரியின் எஞ்சினியர் மேல்சாலையிலிருந்து அளந்திருந்தார். அந்த ஒரு ஓட்டைக்குள் மூன்று மாடியை நுழைத்திருந்தார்கள்.

இன்னொரு விதி, பக்கத்து மனைக்குப் பத்தடி விட்டுத்தான் கட்ட வேண்டும் என்றது. பக்கத்து மனைக்காரர் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மூன்றடி போதும். வியாபாரி மூன்றடிதான் விட்டிருந்தார். அப்படியானால் யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பல்லக்கா தாளைப் புரட்டினாள். கடிதம் இருந்தது. "எனக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை" என்ற வரிக்குக் கீழே தம்பியின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்து ஒரு கோடு போடுவான், சின்ன வயதிலிருந்தே. அந்தக் கோடும் இருந்தது.

எழுத்தர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

தம்பிக்குப் போன் செய்யவில்லை. பஸ் பிடித்து, ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, அவன் ஊருக்கே போனாள். அவன் வாடகை வீட்டு மாடிப்படியில் ஏறும்போது அவன் மருந்துப் பெட்டியோடு இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"அக்கா! சொல்லாம கொள்ளாம..."

"நீ சொன்னியாடா?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்தான். "அக்கா, கேளு. அவர் வந்து கேட்டார். காலி மனைதானே, எனக்கென்ன நஷ்டம்னு குடுத்தேன்."

"காலி மனைக்கு இந்தப் பக்கம் யாருடா இருக்கா? உங்க அக்கா உக்காந்து வேலை செய்யறது உனக்குத் தெரியாது?"

"இவ்வளவு உயரம் வரும்னு எனக்கெப்படித் தெரியும்?"

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை?"

அவன் கொஞ்ச நேரம் பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடினான். பிறகு உள்ளதைச் சொன்னான். அந்த மனையையும் வியாபாரியே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் ஐந்து மாடி கட்டலாம் என்பதால் நல்ல விலை. அவனுக்கு வேலை இன்னும் எத்தனை நாள் என்று தெரியாது, கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எத்தனை மாடி ஏறுவது? சொந்தமாக ஒரு கூரை வேண்டாமா?

"நீ புகார் கிகார்னு போனா அந்த விலை விழுந்துரும்க்கா. உனக்குப் போனது வெளிச்சம். எனக்குப் போறது வாழ்க்கை."

பல்லக்கா அவனை அடிக்கக் கை ஓங்கினாள். சின்ன வயதில் அடித்தது, அதற்குப் பிறகு இல்லை. ஓங்கிய கையை அப்படியே படிக்கட்டின் கம்பியில் வைத்துக்கொண்டாள். "அந்த வெளிச்சத்துலதான்டா உன்னைக் காலேஜ் படிக்க வச்சேன்" என்றாள். வீட்டுக்குள் வா என்று அவன் கூப்பிட்டதையும் கேட்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். அவன் சொன்னதில் ஒரு பாதி நியாயம் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. வழியெல்லாம் கோபம் அதனால்தான் இன்னும் அதிகமாக இருந்தது.

புகார் எழுதினாள். தெருவில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கேட்டாள். இயற்கையான தரைமட்டத்திலிருந்துதான் உயரத்தை அளக்க வேண்டும், மனையின் அளவுக்குத் தக்கபடிதான் வீட்டின் அளவு இருக்க வேண்டும் என்று விதியைத் திருத்தச் சொல்லும் மனு. அறுபத்திரண்டு வீடுகளில் முதல் வாரம் முப்பத்தேழு பேர் போட்டார்கள். இரண்டாவது வாரம் ஒவ்வொருவராக வந்து, "எங்க கையெழுத்தை எடுத்துடுங்கக்கா" என்றார்கள். ஒருவரை மாமனார் திட்டினாராம். ஒருவருக்கு வியாபாரி பாதி விலையில் தரை போட்டுக் கொடுக்கிறாராம். இன்னொருவர் நேர்மையாகவே சொன்னார்: "நாளைக்கு நானும் ரெண்டு மாடி தூக்கலாம்னு இருக்கேன்." கடைசியில் பதினாலு பேர் மிஞ்சினார்கள்.

அளவை அதிகாரி வந்தாள். முக்காலியில் கருவி பொருத்தி வேலை செய்யும் இளம்பெண், கறாரான முகம். அன்று முழுக்கக் காலி மனையில் நின்று அளந்தாள். பல்லக்கா தண்ணீர் கொடுத்தாள், அதிகாரி வாங்கவில்லை. பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பல்லக்கா ஆசையாகப் பிரித்தாள். அது அவளுக்கே வந்த நோட்டீஸ். அவளுடைய கண்ணாடிக் கூண்டு எல்லையைத் தாண்டிப் பக்கத்து மனைக்குள் இரண்டரை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது, அனுமதி இல்லாத கட்டுமானம், முப்பது நாளில் அகற்ற வேண்டும். புகார் கொடுத்தவர் டைல்ஸ் வியாபாரி.

நோட்டீஸைக் கையில் சுருட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். "அவன் மலையையே முழுங்கியிருக்கான், நான் ஒரு ஜன்னலை நீட்டினது கண்ணுக்குத் தெரியுதா?" என்று கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ரெண்டையும்தான் அளந்தேன். உங்களுது சின்னது, உடனே முடிஞ்சுது. அவருது பெரிசு, கணக்குப் போட நாளாகும். ஒண்ணு சொல்றேன், கேளுங்க. விசாரணையில அவர் வக்கீல் முதல்ல உங்க ஜன்னலைத்தான் காட்டுவார். நீங்க மீறியிருக்கிற வரைக்கும் உங்க புகாருக்குப் பலம் கிடையாது."

வீட்டுக்கு வந்ததும் பல்லக்கா கொல்லையிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்தாள். கணவர் குறுக்கே வந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"உடைக்காதே! என் கண்ணாடி அது. நான் கழட்டித் தரேன்."

மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து ஒவ்வொரு கண்ணாடியாகக் கழற்றினார். பட்டிக் கத்தியால் ஓரத்தை நெம்பி, இரண்டு கையாலும் தாங்கி, பழைய போர்வையில் சுற்றி, சுவரோரம் சாத்தினார். பதினொரு துண்டு. ஒன்றுகூடக் கீறவில்லை. பல்லக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணாடி முடிந்ததும் அடியில் நீட்டியிருந்த சிமெண்ட் பலகை மட்டும் மிஞ்சியது. "இது உன் பங்கு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார். அவள் சுத்தியலை ஓங்கி அடித்தாள். தம்பிக்கு ஒரு அடி, வியாபாரிக்கு ஒரு அடி, கையெழுத்தைத் திருப்பி வாங்கிய இருபத்து மூன்று பேருக்கும் ஆளுக்கொரு அடி. எண்ணிக்கை தீரும் முன்பே பலகை தீர்ந்துவிட்டது. உள்ளங்கை கொப்பளித்து நாலு நாள் தூரிகை பிடிக்க முடியவில்லை.

ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்த அன்று அலுவலகத்துக்குப் போனாள். "இப்ப என் பக்கம் ஒரு அங்குலம்கூடத் தப்பு இல்ல. இப்ப சொல்லுங்க, அவர் எத்தனை மீட்டர்?"

அதிகாரி முதல் முறையாக லேசாகச் சிரித்தாள். "பதினேழு மீட்டர் நாப்பது" என்றாள். "தரைமட்டத்துலேர்ந்து அளந்தா. ஆனா எங்கேர்ந்து அளக்கணும்னு விதி தெளிவா இல்லைன்னு அவர் வாதாடுவார். உங்க சங்கம் தீர்மானம் போட்டு அனுப்பினா மேலிடத்துல விளக்கம் கேட்டு எழுதலாம். பதினாலு கையெழுத்து பத்தாது. பாதி வீடு வேணும்."

சங்கக் கூட்டம், தண்ணீர்த் தொட்டி மோட்டார் அறைக்கு மேலிருந்த அறையில் நடந்தது. மோட்டார் ஓடினால் யார் பேசுவதும் கேட்காது. யாருக்காவது பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் தலைவர் மோட்டாரைப் போடச் சொல்லுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அன்று தலைவர் எழுந்து நின்று, வளர்ச்சி என்றும் சொத்துரிமை என்றும் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒருத்தர் வீட்டு ஜன்னலுக்காக மொத்தத் தெருவோட எதிர்காலத்தை நாம முடக்க முடியாது. பொறாமைக்கு மருந்து கிடையாது" என்றார்.

பல்லக்கா எழுந்தாள்.

"பொறாமையா? சார், உங்க வாயில இருக்கிற அத்தனை பல்லும் நான் செஞ்சது. முதல் வாரம் உங்களுக்கு 'ச' வரல. வீட்டுக்கு நாலு தடவை வந்து, ராவி ராவி, 'ச' வர வச்சேன். நான் செஞ்ச பல்லாலேயே என்னைக் கடிக்கறீங்களா?"

அறை சிரித்துவிட்டது. தலைவர் முகம் கறுத்தது. "இது தனிப்பட்ட தாக்குதல்..."

"தனிப்பட்டதுதான் சார். உங்க ரெண்டு பையனுக்கும் ஆளுக்கொரு மாடி கட்ட பிளான் போட்டு வச்சிருக்கீங்க, அது தனிப்பட்டது இல்லையா? இங்க எல்லார் மனசுலயும் ஒரு மாடி ஒளிஞ்சிருக்கு. அதான் அவர் அஞ்சு மாடியைப் பத்தி யாரும் வாயைத் திறக்கல. சரி, எல்லாரும் கட்டுங்க. கட்டி முடிச்சதும் ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துட்டு உக்காந்திருங்க!"

மோட்டார் போட்டார்கள். தீர்மானம் தோற்றது.

அன்றிலிருந்து நாலு மாதம் அவள் அந்தத் தெருவில் யாரோடும் பேசவில்லை. வழியில் பார்த்தால் மறுபக்கம் போனாள். வேலையும் பாதியாகக் குறைந்தது. முன்பல் வேலைகளை அவளே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். ஆசிரியையின் பல்லை மட்டும் மொட்டை மாடியில் உட்கார்ந்து மறுபடி செய்தாள். காற்று அடித்த நேரமெல்லாம் தூரிகையை மூடி வைத்துக்கொண்டு, மூன்று நாள். அந்தப் பெண் நேரில் வந்து வாய் நிறையச் சிரித்துக் காட்டியபோதுகூட அவளால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் செங்காவிச் சுவர் தெரிந்தது.

தெருவை மாற்றியது அவளுடைய பேச்சு இல்லை. வியாபாரியின் ஆசைதான். தலைவர் வீட்டுக்கு நேர் மேலே, மேல்சாலையில் இரண்டு மனைகளைச் சேர்த்து அவர் வாங்கினார். மேலிருந்து மூன்று மாடி, கீழிருந்து ஏழு மாடி. மண் அள்ளும் இயந்திரம் வந்த மறுநாள் காலையில், மழைத் தண்ணீரோடு சேறு சரிந்து தலைவர் வீட்டுப் பின்கட்டுக்குள் முழங்கால் வரை வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. சலவை இயந்திரம் மட்டும் புதைந்தது. அன்று மாலை அவர் பேன்ட்டை மடித்துவிட்ட கோலத்தில் பல்லக்கா வாசலில் நின்றார்.

"ஏம்மா, அந்தத் தீர்மானத்தோட வாசகம் உன்கிட்ட இருக்கா?"

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். முகத்தில் அறைந்தாற்போலச் சாத்திவிடலாம் என்றுதான் கை துடித்தது. "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா சார்? என் வீடு இருட்டானப்ப அது வளர்ச்சி. உங்க வீட்டுக்குச் சேறு வந்தா அது அநியாயமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "திட்டு. திட்டிட்டுக் குடு" என்றார்.

அவள் திட்டினாள். கால் மணி நேரம் நிறுத்தாமல் திட்டினாள். உள்ளே கணவர் ரேடியோவைக் குறைத்து வைத்துக் கேட்டார். பிறகு அவள் உள்ளே போய்க் காகிதத்தைக் கொண்டுவந்து, பேனாவையும் சேர்த்து நீட்டினாள்.

இந்த முறை நாற்பத்தொன்பது கையெழுத்து. தலைவரே நின்று வாங்கினார். மேலிடத்திலிருந்து விளக்கம் வர ஏழு மாதம் ஆனது. உயரத்தை இயற்கையான தரைமட்டத்திலிருந்தே அளக்க வேண்டும், நிலவறையின் ஒரு பக்கம் வெளியே தெரிந்தால் அது மாடிதான், மனை அளவில் இவ்வளவுக்கு மேல் வீடு கூடாது. ஏழு மாடித் திட்டம் அத்தோடு நின்றது. ஐந்து மாடி வீட்டின் மேல் இரண்டு மாடிகளையும் இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பல்லக்கா அந்த உத்தரவை மூன்று முறை படித்தாள்.

இடிக்கவில்லை. வியாபாரி நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார். நாலு வருடம் ஆகிறது. மேல் இரண்டு மாடிக்கும் சீல் வைத்திருக்கிறார்கள். யாரும் குடியில்லை, விளக்கு இல்லை. ஆனால் சுவர் இருக்கிறது, செங்காவி இருக்கிறது. யாருக்கும் உதவாத அந்த இரண்டு மாடிதான் இன்றைக்கும் அவள் காலையை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் போகிறாள். "ஒத்திவைக்கப்பட்டது" என்ற சொல்லைக் கேட்டதும் கோர்ட் வாசலில் வக்கீலிடம் சண்டை போட்டுவிட்டுத் திரும்புகிறாள். அவர் அவளுடைய வக்கீல்தான். இருந்தும் சண்டை.

கணவர் அந்தப் பதினொரு கண்ணாடியையும் மேற்குப் பக்க மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஒரு சின்ன அறை கட்டினார். இந்த முறை பிளான் போட்டு, கட்டணம் கட்டி, முத்திரை வாங்கி. பிளானைச் சரிபார்த்தது அதே அதிகாரி. ஒரு இடத்தில் அரை அடி கூடுதல் என்று திருப்பி அனுப்பினாள், பல்லக்கா வாய் பேசாமல் திருத்திக் கொடுத்தாள். மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை நல்ல வெளிச்சம். முன்பல் வேலை மறுபடி வருகிறது, முன்பு வந்ததில் முக்கால் பங்கு.

தம்பிக்கு அந்தப் பெரிய விலை கிடைக்கவில்லை. ஐந்து மாடி கட்ட முடியாத மனையை வியாபாரி எதற்கு வாங்குவார்? வேலையை இழந்த வருடம், ஒரு பஸ் கண்டக்டருக்கும் அவர் மனைவிக்கும், கிடைத்த விலைக்கு விற்றான். பத்திரத்துக்கு வந்தபோது அக்கா வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனான். அவள் கதவருகே நின்றிருந்தாள். அவன் நின்றான். "சந்தோஷமா?" என்று கேட்டான்.

"இல்லடா" என்றாள். அது உண்மை. அவன் போய்விட்டான். போன் செய்தால் அவன் மனைவிதான் எடுக்கிறாள். நன்றாக இருக்கிறார் என்கிறாள்.

கண்டக்டர் இப்போது வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறார். புது விதிப்படி அந்த மனை அளவுக்குத் தரைத்தளமும் ஒரு மாடியும்தான். அவருக்கும் கோபம். மூன்று மாடி கட்டி இரண்டை வாடகைக்கு விடும் எண்ணத்தில்தான் மனையை வாங்கினாராம். "உங்க விதியால எனக்குத்தான் அடி. பெரிய மனுஷன் வீடு அப்படியே நிக்குது, சின்ன மனுஷன் வீட்டைத்தான் குட்டையாக்கினீங்க" என்று வேலி ஓரத்தில் நின்று ஒரு நாள் கத்தினார்.

"அவன் நிக்கறான்னுதான் நான் கோர்ட்டுக்கு அலையறேன். நீங்களும் வாங்க. அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி" என்று பல்லக்கா திருப்பிக் கத்தினாள். கண்டக்டர் வரவில்லை. அவர் மனைவி வந்தாள், டிபன் கேரியரோடு. மூன்று மணி நேரம் பெஞ்சில் கூடவே உட்கார்ந்திருந்தாள்.

அதற்காகப் பல்லக்கா சலுகை எதுவும் காட்டவில்லை. போன வாரம் மாடிச் சுவர் ஜன்னலுக்கு மேல் லின்டல் மட்டத்துக்கு வந்தது. காலையில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வேலி தாண்டிப் போய் நின்றாள். சாரத்தின் மேலிருந்த கொத்தனார் குனிந்து பார்த்தார்.

"அம்மா, நேத்துதானே அளந்துட்டுப் போனீங்க?"

"நேத்து அளந்தது நேத்து. இறங்குய்யா, இந்த முனையைப் பிடி."